கலைவாணர் வெண்பாவுக்குப் பதில்

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றி நீங்கள் எழுதிய வெண்பாவில், “கலைவாணர் கிருஷ்ணன் புகழ்” என்ற ஈற்றடியில் தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை) தட்டுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாங்க, தட்டுகிறது. “கலைவாணர்” காய்ச்சீர் (நேரசையில் முடியும் மூவசைச் சீர்), அடுத்து நேரசை (தனிக் குறிலோ நெடிலோ) வர வேண்டும், “கிருஷ்” நிரையசை (கி, ரு என இரு குறில் சேர்ந்தது). “கலைவாணர் தந்த சிரிப்பு” என்று மாற்றிப் பாருங்கள். “சிரிப்பு” வெண்பாவின் கடைசிச் சீருக்குரிய ‘பிறப்பு’ வாய்பாட்டில் சரியாக முடியும். மூன்றாம் அடியை அவர் மனைவி டி.ஏ. மதுரம் பெயரோடு முடித்தால், “மதுரம்” என்ற மாச்சீருக்குப் பின் “கலை” என்ற நிரையசை வந்து தளை தானாகச் சேரும். மேடையிலும் திரையிலும் உடன்நின்றவர், அவரை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், “சிரிப்பு மன்னர்”, “மேதை” போன்ற அடைமொழிகளைக் குறையுங்கள். யாருக்கும் பொருந்தும் சொற்கள் அவை. நந்தனார் கதையைப் படிப்புக்கு ஏங்கும் பையனின் கதையாக மாற்றிக் ‘கிந்தனார்’ காலட்சேபம் செய்தாரே, அதைச் சொல்லுங்கள். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையிருந்து 1947இல் விடுதலையாகி வந்தும் மக்களைச் சிரிக்க வைத்த மனிதர். அதற்கு ஓரடி கட்டாயம் கொடுங்கள்.