எக்ஸிட்டரிலிருந்து லண்டன்: மதியச் சாப்பாடு முடித்து அடுத்த ரயிலில் ஏறலாமா?

எக்ஸிட்டரில் ஒரு வீட்டில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார்கள், லண்டன் திரும்பும் டிக்கெட்டோ 11 மணிச் சொச்ச ரயிலுக்கு; சாப்பிட்டுவிட்டு 3 மணி ரயிலில் வரலாமா என்று கேட்கிறீர்கள். அநேகமாக முடியாது. உங்களுடையது அட்வான்ஸ் டிக்கெட் (குறிப்பிட்ட ரயிலுக்கென முன்கூட்டியே வாங்கும் மலிவு டிக்கெட்) என்றால், அதில் போட்டிருக்கும் 11 மணிச் சொச்ச ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். 3 மணி ரயிலில் உட்கார்ந்தால் புது டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள்.

"ரிட்டர்ன் தானே எடுத்தேன்" என்கிறீர்கள். அநேகமாக, மலிவாக இருக்கிறதே என்று ஆப் இரண்டு தனித்தனி சிங்கிள்களாக (ஒருவழி டிக்கெட்டுகளாக) கொடுத்திருக்கும். டிக்கெட் வகையைப் பாருங்கள். "ஆஃப்-பீக் ரிட்டர்ன்" (நெரிசல் இல்லாத நேரத்துக்கான போய்வரும் டிக்கெட்) என்றிருந்தால் கவலையே இல்லை. ஞாயிறு மதியம் எந்த ரயிலிலும் வரலாம், சாவகாசமாகச் சாப்பிடுங்கள்.

அட்வான்ஸ்தான் என்றால், வாங்கிய ஆப்பிலேயே நேரத்தை மாற்றலாம். கட்டண வித்தியாசம் கட்ட வேண்டும், மாற்றுக் கட்டணமும் இருக்கலாம். ஆனால் பழைய ரயில் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். அப்புறம் மாற்ற முடியாது. ரத்து செய்தாலும் அட்வான்ஸ் டிக்கெட்டுக்குப் பொதுவாகப் பணம் திரும்பாது.

இன்னொன்று: ஞாயிறுகளில் தண்டவாள வேலை என்று பாதி வழி பஸ்ஸில் ஏற்றிவிடுவதுண்டு. முந்தின இரவே நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவது கட்டுப்படியாகாவிட்டால், "ரயில் புக் பண்ணியாச்சு" என்று சாப்பிட அழைத்தவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரோஸ்ட்டை (ஞாயிறு மதியத்துக்கான வாட்டிய இறைச்சியை) அடுப்பில் வைத்தபின் சொன்னால்தான் முகம் சுருங்கும்.