மூன்றாம் வகுப்புக்கு ஸ்பானிஷ்: இங்கிலீஷைக் கொஞ்ச நாள் வெளியே நிறுத்துங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு ஆங்கிலவழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியட் ஸ்பானிஷ் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் 38 பிள்ளைகள். நான் ஏ-2 நிலை (தொடக்க நிலைக்கு அடுத்தது) வரை ஸ்பானிஷ் படித்திருக்கிறேன். முதல் மாதம் எழுத்து, எண், நிறம் என்று போனேன். எதைக் கொடுத்தாலும் இங்கிலீஷ் மாதிரியே வாசிக்கிறார்கள். வீட்டில் என்ன செய்வது என்று பெற்றோரும் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது.

பதில்: நீங்கள் எழுத்தில் ஆரம்பித்ததுதான் சிக்கல். ஸ்பானிஷும் இங்கிலீஷும் ஒரே எழுத்து வரிசையைப் பயன்படுத்துகின்றன. பிள்ளைக்கு அந்த எழுத்துகளின் இங்கிலீஷ் ஒலி ஏற்கெனவே ஊறிப்போயிருக்கிறது. பதினொன்று என்ற எண்ணை ஸ்பானிஷில் ‘ஒன்ஸே’ என்கிறார்கள். அதை எழுதிக் காட்டினால் பிள்ளை ‘வன்ஸ்’ என்று வாசிக்கும். ‘சாப்பிடுகிறான்’ என்பதற்கான ‘கோமே’ பலகையில் ஏறியதும் ‘கம்’ ஆகிவிடும். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த மீன்வலைக்கு ஸ்பானிஷில் ‘ரெத்’. எழுதினால் இங்கிலீஷ் சிவப்பின் அதே மூன்றெழுத்து! பிள்ளை சிவப்பு என்றுதான் சொல்லும், வேறென்ன செய்யும்?

அதனால் அடுத்த ஆறு வாரம் பலகையில் ஒரு ஸ்பானிஷ் வார்த்தைகூட எழுதாதீர்கள். காது, வாய், கை கால் மட்டும்தான். மாணவர் நோட்டும் வேண்டாம்.

இந்த ஆறு வாரத்தில் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது தமிழ். ஸ்பானிஷில் உயிரொலிகள் ஐந்தே; அ, எ, இ, ஒ, உ என்று தமிழ் வாயில் வருவதுபோலவே வளையாமல் வரும். ‘நோ’ என்பதை இங்கிலீஷ்காரர் ‘நோவ்’ என்று இழுப்பார்; தமிழ்ப் பிள்ளை இழுக்காது. மூன்றுக்கு ‘த்ரெஸ்’. நாக்கு பல்லைத் தொடுகிற நம் ‘த’ அது, ‘ட்ரெஸ்’ இல்லை. மேலே அலை போட்ட n எழுத்துக்கு (ñ) ‘ஞாயிறு’வின் ஞ போதும். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்கும் இந்த த புதிதல்ல.

வாக்கிய அமைப்பிலும் அப்படித்தான். ‘ஐ லைக் மேங்கோ’ வழியாகப் போனால் பிள்ளை ‘யோ குஸ்தோ’ என்று தப்பாகக் கட்டும். ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்பதிலிருந்து போனால் ‘மே குஸ்தா எல் மாங்கோ’ நேராக வந்துவிடும். எனக்கு என்பதுதான் ‘மே’. வினைச்சொல் முடிவே ஆளைக் காட்டிவிடுவதும் நமக்குப் பழக்கம்: பேசுகிறேன், பேசுகிறாய் என்பதுபோல ‘ஆப்லோ’, ‘ஆப்லாஸ்’. நான், நீ சொல்லத் தேவையில்லை. நீ, நீங்கள் வேறுபாடும் ‘தூ’, ‘உஸ்தெத்’ என்று அப்படியே இருக்கிறது. இங்கிலீஷில் இவை எதுவும் கிடையாது.

கிழமைப் பெயர்களைத் தனியாக ஒரு பீரியட் வைத்து நடத்துங்கள், அவ்வளவு நன்றாக வரும். ‘லூனா’ என்றால் நிலா, ‘லூனெஸ்’ என்றால் திங்கள். அடுத்து மார்த்தெஸ் செவ்வாய்க் கோளின் பெயர், மியெர்கோலெஸ் புதன், ஹுவேவெஸ் வியாழன், வியெர்னெஸ் வெள்ளி. ஐந்து நாளும் அதே கோள்கள், அதே வரிசை. சனி, ஞாயிறு மட்டும் சாபதோ, தொமிங்கோ என்று சமயம் சார்ந்த பெயர்கள். எண்களிலும் 16 முதல் 19 வரை பத்தும் ஆறும், பத்தும் ஏழும் என்றுதான் போகும், நம் பதினாறு போல. 11 முதல் 15 வரை மனப்பாடம்தான்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. மேசைக்கும் புத்தகத்துக்கும் ஆண்பால் பெண்பால் பார்த்து, ஆண்பால் பெயருக்கு முன்னால் ‘எல்’, பெண்பால் பெயருக்கு முன்னால் ‘லா’ போடுவது நமக்குப் புதிது. ‘மேசை ஒரு பெண்’ என்று விளக்கவே விளக்காதீர்கள், ‘ஏன் மிஸ்?’ என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. வார்த்தைகளுக்கு இரண்டு வீடு, ஒன்று ‘எல்’ வீடு, ஒன்று ‘லா’ வீடு என்று சொன்னால் போதும். எல் வார்த்தைப் படங்களை நீல அட்டையிலும், லா வார்த்தைப் படங்களை மஞ்சள் அட்டையிலும் ஒட்டுங்கள். எப்போதும் ‘லா மேசா’ என்றே சொல்லுங்கள்; தனியாக ‘மேசா’ என்று உங்கள் வாயிலேயே வரக்கூடாது. ‘ஓ’வில் முடிந்தால் எல், ‘ஆ’வில் முடிந்தால் லா என்ற விதியையும் இந்த ஆண்டு சொல்லவேண்டாம். கை ‘லா மானோ’, நாள் ‘எல் தீயா’, வரைபடம் ‘எல் மாப்பா’ என்று முதல் மாதத்திலேயே விதி உடைந்துவிடும்.

நிறம் பெயருக்குப் பின்னால் வருவது இன்னொரு தடுக்கல். தமிழிலும் இங்கிலீஷிலும் சிவப்பு முன்னால் வருகிறது. ஸ்பானிஷில் ‘லிப்ரோ ரோஹோ’, புத்தகம் சிவப்பு. நிறங்களைத் தனிப் பட்டியலாக நடத்தியிருந்தால் இந்தத் தப்பு ஆண்டு முழுக்கப் போகாது. பொருளோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

அழுத்தம் மூன்றாவது. தமிழ்ப் பிள்ளைகள் எல்லா அசையையும் ஒரே சீராகச் சொல்வார்கள். முதல் அசையை அழுத்தினால் ‘பாபா’ உருளைக்கிழங்கு, கடைசி அசையை அழுத்தினால் அப்பா. ‘என் உருளைக்கிழங்கு ஆட்டோ ஓட்டுகிறார்’ என்று சொல்லிவிட்டு வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும். அழுத்தும் அசையில் கைதட்டவையுங்கள், இரண்டு வாரத்தில் சரியாகும்.

இனி 40 நிமிட பீரியட். ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால் தலைக்கு ஒரு நிமிடம்தான் வரும், மீதி 37 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். முதல் 5 நிமிடம் வணக்கமும் கிழமையும். அடுத்த 12 நிமிடம் கட்டளைகள்: லெவான்தென்சே (எழுந்திருங்கள்), சியென்தென்சே (உட்காருங்கள்), தோக்கென் லா மேசா (மேசையைத் தொடுங்கள்). முதல் வாரம் நீங்களும் செய்து காட்டுங்கள், இரண்டாம் வாரம் வாயால் மட்டும், மூன்றாம் வாரம் ஒரு பிள்ளை கட்டளையிடட்டும். உடலை அசைத்துக் கற்கும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உருவாக்கினார். பெரிய வகுப்புக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. பேசாமல் செய்துமட்டும் காட்டும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள், அது கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த 8 நிமிடம் நான்கு புதிய வார்த்தைகள், அட்டையோடு. வாரத்துக்கு எட்டுக்கு மேல் போனால் அடுத்த வாரம் ஒன்றும் மிஞ்சாது. பிறகு 12 நிமிடம் பெஞ்சுக்கு இருவராக விளையாட்டு. கடைசி 3 நிமிடம் போன வாரத்து வார்த்தை.

வியாசர்பாடிப் பக்கம் கால்பந்து ஆடாத சந்து கிடையாது, அதனால் மைதானத்து ஸ்பானிஷ் நன்றாக ஏறும். ‘பாசலா’ (பாஸ் கொடு), ‘அகீ’ (இங்கே), ‘தெரேச்சா’ (வலது), ‘இஸ்கியேர்தா’ (இடது). மெஸ்ஸி பேசும் மொழி என்று சொல்லிவிட்டால் கடைசி பெஞ்சும் வாய் திறக்கும். நீரில் நீந்தும் மீனுக்கு ‘பெஸ்’, பிடித்துக் கூடையில் போட்ட மீனுக்கு ‘பெஸ்காதோ’. காசிமேட்டுப் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை ஒருமுறை சொன்னால் போதும்.

குடும்பப் பாடத்தில் கொஞ்சம் தயாராகப் போங்கள். மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரும் ‘தீயோ’தான். அண்ணன், தம்பி இருவருமே ‘எர்மானோ’. பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

தப்பாகச் சொன்னால் நிறுத்தித் திருத்தாதீர்கள். ‘எல் மேசா’ என்றால் ‘சீ, லா மேசா’ என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டுப் போங்கள். ‘சீ’ என்றால் ஆமாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மிஸ் திட்டுகிறார் என்று வீட்டில் புகார் போகும்.

ஏழாம் வாரம் எழுத்துக்கு வரலாம். வாயில் ஏற்கெனவே இருக்கும் வார்த்தைகளை மட்டும் எழுதுங்கள், ஒரு நாளைக்கு ஐந்து. நோட்டில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிக்கொள்ள விடவேண்டாம். இங்கே தமிழில் எழுதியிருப்பது உங்களுக்காக. தமிழ் எழுத்து அழுத்தமான த, மென்மையான த இரண்டையும் பிரித்துக் காட்டாது. ‘தீயா’ என்று எழுதினால் நாளா அத்தையா என்று பிள்ளைக்கே தெரியாது. ஆசிரியருக்கு ஒரு எச்சரிக்கை: ‘ஆஞோ’ என்றால் ஆண்டு. மேலே அலையைப் போட மறந்தால் சபையில் சொல்லமுடியாத உடலுறுப்பாகிவிடும். வயதைச் சொல்லும் சார்ட்டை மாட்டும் முன் இரண்டு முறை பாருங்கள்.

பெற்றோருக்குச் சொல்லவேண்டியது குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட தினம் 10 நிமிடம், வாரம் ஐந்து நாள். வாரத்து எட்டு வார்த்தைகளை ஒரு நிமிட வாய்ஸ் நோட்டாக வகுப்பு வாட்ஸாப் குழுவில் போடுங்கள், வார்த்தைக்கு இரண்டு முறை, நடுவே திரும்பச் சொல்ல இடைவெளி விட்டு. அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியவேண்டாம். பிள்ளை அம்மாவுக்குச் சொல்லித்தரட்டும், அம்மா தப்பாகச் சொல்லிப் பார்க்கட்டும். திருத்தும்போது பிள்ளைக்கு நன்றாகப் பதியும். சாப்பாட்டு நேரத்துக்கு மூன்று வாக்கியம் போதும்: ‘தெங்கோ ஆம்ப்ரே’ (பசிக்கிறது), ‘ஆகுவா, போர் ஃபவோர்’ (தண்ணீர் கொடுங்கள்), ‘மாஸ் சாம்பார்’ (இன்னும் சாம்பார்). மாஸ் என்ற வார்த்தையை நம்மூர்ப் பிள்ளைக்கு மறக்கவைக்க முடியாது. மாடிப்படி ஏறும்போது எண்ணலாம். மேசை, அலமாரி, கொய்யா மூன்றும் போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தவை. ஸ்பானிஷில் மேசா, அர்மாரியோ, குவாயாபா. வீட்டில் தேடத் தொடங்க நல்ல இடம். மொபைலில் கார்ட்டூன் ஓடவிடுவதை ஸ்பானிஷ் படிப்பில் சேர்க்கவேண்டாம்.

உருளும் ‘ர்ர்’ வராத பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் கவலைப்பட்டால், ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளுக்கும் கடைசியில் வரும் ஒலிகளில் அது ஒன்று என்று சொல்லுங்கள். ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெர்ரோ’ என்றால் நாய். ஆட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை ‘த்ர்ர்ர்’ என்று செய்யச் சொல்லிப் பழக்கலாம், நாளைக்கு ஒரு நிமிடம்.

ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்தால் மொத்தம் 40 மணி நேரம்தான் கிடைக்கிறது. அதில் 150 வார்த்தையும் இருபது வாக்கியமும் வந்தால் நல்ல ஆண்டு; நிர்வாகத்திடம் இப்போதே அதைச் சொல்லிவிடுங்கள். தேர்வு வைத்தே ஆகவேண்டும் என்றால் முதல் பருவத்துக்கு டிக்டேஷன் வேண்டாம். பத்துக் கட்டளை சொல்லி, நான்கு நான்கு பேராகச் செய்யவைத்து, கட்டளைக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். 38 பேருக்கும் இரண்டு பீரியடில் முடிந்துவிடும்.