அவன் செயலும் சீட்டுப் பணமும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் ஏலச்சீட்டு நடத்தியவர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவோடு இரவாகக் குடும்பத்துடன் ஊரைவிட்டுப் போய்விட்டார். அக்காவின் கல்யாணத்துக்கென்று அம்மா அவரிடம் கட்டியிருந்த 1,80,000 ரூபாயும் அதோடு போயிற்று. சென்ற ஆண்டு அவர் திரும்பி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், பௌர்ணமி தோறும் வீட்டு வாசலில் அன்னதானம். கோயிலில் அம்மா அவரைப் பார்த்துப் பணத்தைக் கேட்டார். அவர் கண் கலங்கிவிட்டார். நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அன்றைக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தவனும் அவன்தான், இன்றைக்கு இந்தப் புத்தியைக் கொடுத்தவனும் அவன்தான். நடுவில் நான் யார், அம்மா?" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "போன பிறவியில் நீங்கள் இவருக்குக் கடன்பட்டிருப்பீர்கள். அது கழிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று முடித்துவைத்தார்.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். இருவருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அவனன்றி அணுவும் அசையாது என்றால் சீட்டுக்காரர் குற்றவாளி இல்லை. மனிதன் தன் விருப்பப்படி நடக்கிறான் என்றால் கடவுள் வெறும் வேடிக்கை பார்ப்பவர். இரண்டில் எது? அடுத்த அன்னதானத்துக்கு அம்மாவையும் அழைத்திருக்கிறார். போகலாமா?

கே.

அன்புள்ள கே.,

சீட்டுக்காரர் தம் சமாதானத்தைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, அது உபநிடதத்திலேயே இருக்கிறது. கௌஷீதகி உபநிடதத்தின் மூன்றாம் அத்தியாயம், இறைவன் யாரை மேலே உயர்த்த விரும்புகிறானோ அவனை நல்வினை செய்யவைக்கிறான், யாரைக் கீழே தள்ள விரும்புகிறானோ அவனைத் தீவினை செய்யவைக்கிறான் என்கிறது. உரைகாரர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடவில்லை. வேதவாக்கு என்பதால் தாண்டவும் முடியாது. உபநிடதக் கருத்துகளைச் சூத்திரங்களாகத் தொகுத்த பிரம்மசூத்திரமே இறைவன்மேல் சாட்டப்படும் இரண்டு குற்றங்களைப் பெயர்சொல்லி எடுத்துக்கொள்கிறது: பாரபட்சம், இரக்கமின்மை. அவரவர் வினையைப் பார்த்தே அவன் பலன் தருகிறான் என்பது அதன் பதில். அந்த முதல் வினை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்குத் தொடக்கமே இல்லை என்கிறது அடுத்த சூத்திரம். குறுக்கு விசாரணையில் வல்ல ஒரு வக்கீல் இந்த இடத்தில் எழுந்து நிற்பார்.

எனக்குப் பிடித்தது இராமானுசர் தரும் விளக்கம். இறைவனின் ஆணையின்றி உயிர் எதையும் செய்ய இயலாது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் முதல் முயற்சி உயிருடையது, இறைவன் அதற்கு இசைவு தருகிறான் என்கிறார். இதற்கு அவர் பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் சொல்லும் உதாரணம் பக்தி நூலுக்குரியதுபோல இருக்காது. பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் பொருத்தமாக இருக்கும். ஒரு சொத்துக்கு இரண்டு பங்காளிகள். ஒருவன் அதை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க விரும்புகிறான். மற்றவன் சம்மதிக்காமல் அது நடக்காது. அவன் சம்மதிக்கிறான், சொத்து கைமாறுகிறது. ஆனாலும் கொடுத்தவன் முதலாமவன்தான், அதன் பலனும் அவனுக்கே. உங்கள் ஊர்க்காரரின் கணக்கை இதில் வைத்துப் பாருங்கள். பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று நினைத்தது அவர். அந்த நினைப்பு நிறைவேற உடலில் வலுவும், ஓடும் பஸ்ஸும், இருட்டும் இருக்கும்படி உலகத்தை நடத்தியது இறைவன். கையெழுத்து இரண்டு, செய்கை ஒன்று.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: திருட்டு என்று தெரிந்தே கையெழுத்துப் போட்ட பங்காளியை என்ன சொல்வது? நியாயமான கேள்வி. ஒவ்வொரு தடவையும் இறைவன் மனிதனின் கையைப் பிடித்து நிறுத்தினால், இதைச் செய், இதைச் செய்யாதே என்று சாத்திரம் விதிப்பதற்கே பொருள் இல்லாமல் போய்விடும் என்பது இராமானுசர் தரப்பு. எனக்கு இது முக்கால்வாசி திருப்தி தருகிறது. மீதிக் கால்வாசிக்கு எந்த மதத்திலும் பதில் கிடைக்கும் என்று தோன்றவில்லை. அதற்காக நம் முன்னோர் கூச்சப்படவும் இல்லை. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் ஒலிக்கும் இந்த உலகத்தைப் பார்த்து, "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்" என்றார். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று வள்ளுவர் சபித்தார். இரண்டையும் நாம் இன்றும் போற்றிப் படிக்கிறோம். இறைவனைப் பழிப்பது நாத்திகர்களின் தனிச்சொத்து என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஆக, "இரண்டில் எது" என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை கிடையாது. ஆனால் அன்று கோயிலில் நடந்ததற்குப் பதில் சொல்ல அந்த விடை தேவையே இல்லை என்பது என் எண்ணம். சீட்டுக்காரரும் பெரியவரும் சொன்னவற்றை ஒரே தத்துவத்தின் இரண்டு பக்கங்களாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், அதனால்தான் வாயடைத்துப்போனீர்கள். யார், யாருடைய காரியத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று பாருங்கள். ஒருவர் தாம் செய்ததைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் பிறத்தியார் பட்டதைப் பற்றிச் சொன்னார். விதி, வினை, அவன் செயல் என்ற பேச்சை எடுக்க எனக்குத் தெரிந்து ஒருவருக்குத்தான் உரிமை உண்டு: தான் பட்டதைப் பற்றித் தானே பேசுகிறவருக்கு.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதைக் காட்டவே எழுதப்பட்டதாகப் பதிகத்திலேயே அறிவித்துக்கொள்ளும் காப்பியம் சிலப்பதிகாரம். அதை இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். கொலைக்களக் காதையில் பாண்டியன், ஊடல் கொண்ட அரசியைத் தேடி அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் வந்து, சிலம்பு திருடியவன் என் வீட்டில் இருக்கிறான் என்கிறான். "வினைவிளை காலம் ஆதலின்" அரசன் ஆராயாமல் விட்டான் என்று இளங்கோவே எழுதுகிறார். அதாவது, குற்றம் நடக்கும் அதே நொடியில் குற்றவாளிக்கு வேண்டிய தப்பிக்கும் வழியைக் கவிஞரே திறந்துவைத்துவிட்டார். வழக்குரை காதையில் கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. அரசன் அந்த வழியாகப் போயிருக்கலாம். வினைப்பயன், நான் வெறும் கருவி என்று சொல்லியிருக்கலாம். அவன் சொன்னது: "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்." கொல்லன்மேல்கூடப் பழியைத் தள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். கொல்லன் சொன்னான், கேட்டது நான். "என்முதல் பிழைத்தது கெடுகஎன் ஆயுள்" என்று விழுந்தான்.

முற்பிறப்புக் கதை இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. மதுரை எரிந்த பின், மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து, முன்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரோடு சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தான், அவன் மனைவி நீலி இட்ட சாபம் இது என்று விளக்குகிறது. தர்க்கம் முழுமையாக இருக்கிறது. கேட்டு முடித்த கண்ணகி ஆறுதல் அடைந்தாளா? கணவனைக் கண்டாலன்றி இருக்கவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று சொல்லி, கொற்றவை கோயில் வாசலில் வளையை உடைத்துவிட்டு, கிழக்கு வாசலில் கணவனோடு நுழைந்தேன், மேற்கு வாசலில் தனியாக வெளியேறுகிறேன் என்று போகிறாள். தெய்வமே வந்து சொன்ன காரணத்துக்கு அவளிடம் கிடைத்த மதிப்பு அவ்வளவுதான்.

உங்கள் ஊர்ப் பெரியவருக்கும் அந்தக் காப்பியத்தில் ஒரு முன்னோடி உண்டு. கண்ணகியின் தோழி தேவந்தி. நல்ல பெண், கண்ணகிமேல் உண்மையான அக்கறை கொண்டவள். கோவலன் மாதவியிடம் இருந்த நாட்களில் கண்ணகியிடம் வந்து, முற்பிறப்பில் கணவனுக்காக நோற்க வேண்டிய ஒரு நோன்பில் நீ தவறிவிட்டாய், அதனால்தான் இப்படி என்கிறாள். பரிகாரமும் கையோடு கொண்டுவந்திருக்கிறாள்: காவிரி கடலோடு கலக்கும் இடத்திலுள்ள இரு குண்டங்களில் நீராடிக் காமன் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு கூடி வாழலாம். கண்ணகியின் பதில் ஒரே சொல்: "பீடன்று." அது பெருமையில்லை. முற்பிறப்பை அவள் மறுக்கவில்லை, தோழியோடு சண்டைக்கும் போகவில்லை. அந்தக் கணக்கைத் தன் தலையில் கட்ட மட்டும் இடம் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

பட்டவர் தாமே சொல்வது வேறு. கம்பனில் நாட்டை இழந்த இராமன், கொதித்து நிற்கும் தம்பியிடம், ஆற்றில் நீர் வற்றியது ஆற்றின் பிழையன்று, அதுபோல அப்பாவின் பிழையும் அன்று, அம்மாவின் பிழையும் அன்று, "விதியின் பிழை" என்கிறான். இழந்தவன் அவன், மன்னிக்கும் உரிமையும் அவனுடையது. அதே சொல்லைக் கைகேயி சொல்லியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? இலக்குவனோ அதையும் ஏற்கவில்லை. விதிக்கும் விதியாகும் என் வில் தொழிலைப் பார் என்கிறான். எனவே உங்கள் அம்மாவே ஒருநாள், "போகட்டும், என் விதி" என்று சொன்னால் அதைத் தடுக்க உங்களுக்கும் எனக்கும் வாய் கிடையாது. அவர் சொல்ல வேண்டியதை மற்றவர்கள் முந்திக்கொண்டு சொன்னதுதான் அநியாயம்.

பெரிய மனிதர்களும் இங்கே சறுக்கியிருக்கிறார்கள். 1934 ஜனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் நிலநடுக்கம். பல ஆயிரம் பேர் இறந்தார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், இது தீண்டாமை என்ற நம் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். இதை மூடநம்பிக்கை என்பீர்களானால் என்னோடு சேர்ந்து நீங்களும் அந்த மூடநம்பிக்கையைக் கொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். தீண்டாமையை எதிர்ப்பதில் காந்தியோடு ஒன்றி நின்ற தாகூர் பதறிப்போனார். இயற்கைப் பேரழிவுக்குக் காரணம் இயற்கையில் மட்டுமே இருக்கிறது, இப்படித்தான் கடவுள் ஒழுக்கம் கற்பிக்கிறார் என்றால் மனிதனே அவரைவிட ஒழுக்கத்தில் உயர்ந்தவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்று எழுதினார். இதே வாதத்தை உங்கள் எதிரிகள் எடுத்துக்கொண்டு, பூமி அதிர்ந்தது உங்களால்தான் என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்ற கருத்தும் அதில் இருந்தது. காந்தி அந்தக் கண்டனத்தைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே பிப்ரவரி 16 அன்று வெளியிட்டார், கூடவே தம் பதிலையும். நிலை மாறவில்லை.

காந்தி "நம் பாவம்" என்றுதான் சொன்னார், தம்மையும் சேர்த்துக்கொண்டுதான். அதனால் அவரை உங்கள் ஊர்ப் பெரியவரோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் அவர் பேசிய திருநெல்வேலியில் எந்த வீடும் இடியவில்லை. இடிபாட்டில் கிடந்தவர்கள் பீகாரின் மோங்கீரிலும் முசாபர்பூரிலும் இருந்தார்கள். தீண்டாமையைக் கடைப்பிடித்தவன் வீடும், அதை அனுபவித்தவன் குடிசையும் அங்கே சேர்ந்தே விழுந்தன. "நாம்" என்ற சொல் அந்தத் தூரத்தை மறைத்துவிட்டது. இந்த விஷயத்தில் நான் தாகூர் கட்சி.

இப்போது சீட்டுக்காரர். அவர் அழுதது உண்மையாகவே இருக்கட்டும். அவர் மனம் மாறியது இறையருள் என்றே அவர் நம்பட்டும். நல்லது நடந்தால் அவனுக்கு நன்றி சொல்வது அழகான பழக்கம். ஆனால் அன்றைய புத்தியை அவன் கணக்கில் எழுதிவிட்டு, அன்னதானத்தை மட்டும் தம் வாசலில் தம் கையால் நடத்துகிறாரே, அதைக் கவனித்தீர்களா? நடுவில் நான் யார் என்று கேட்டவர், பௌர்ணமி தோறும் கரண்டியோடு நிற்கிறார். அந்தப் பந்தியில் அம்மா உட்காருவதும் உட்காராததும் அவர் விருப்பம். எனக்குச் சோற்றின்மேல் வருத்தம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு ஆண்டுகள் ஆகிவிட்டதால் பணத்தைக் கேட்டு வழக்குப் போடும் காலவரம்பு பெரும்பாலும் கடந்திருக்கும்; இப்படிப்பட்ட கடன்களுக்கு அது பொதுவாக மூன்று ஆண்டுகள். ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 25ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காலவரம்பு கடந்துபோன கடனாகவே இருந்தாலும், கடன்பட்டவர் அதை முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ தருவதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது செல்லும். எனவே அடுத்த தடவை அம்மா அவரிடம் தத்துவம் பேச வேண்டாம், பூர்வ ஜன்மத்தை மறுக்கவும் வேண்டாம். ஒரு தாளை நீட்டட்டும். வாசகத்தை ஒரு வக்கீலிடம் காட்டி முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தொகை, தேதி, மாதத் தவணை, அவர் கையெழுத்து எல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அம்மா கட்டியதற்கான சீட்டுப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறதா?