மழை இரவில் நாலு விளக்கும் எரிகிறது, இசிஎம் மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஐயா, நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். 2011 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கி நாலு வருஷமாக ஓட்டுகிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ராத்திரி ஓட்டும்போது மீட்டர் போர்டில் பேட்டரி விளக்கு மினுக்மினுக்கென்று எரிகிறது, கொஞ்ச நேரத்தில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஏர்பேக், ஸ்டியரிங் விளக்குகளும் சேர்ந்துகொள்கின்றன. காலையில் எடுத்தால் ஒன்றுமே இல்லை. புது பேட்டரி போட்டும் பயனில்லை. இப்போது இசிஎம் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது, 24,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். செலவு செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நாலு விளக்கு எரிவதால் நாலு பழுது என்று ஆகிவிடாது. ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் மூன்றுக்கும் தனித்தனிக் கன்ட்ரோல் பெட்டி இருக்கிறது, மூன்றுக்கும் பொதுவாகப் போவது மின்சாரம்தான், அந்த வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் ஒவ்வொன்றும் தன் விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ராத்திரி மழையில் ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. காலையில் அந்தச் சுமை இல்லை, அதனால்தான் வண்டி நல்லபிள்ளையாக இருக்கிறது. எஞ்சின் திணறுவதாகவோ ஸ்டார்ட் ஆகவில்லை என்றோ நீங்கள் எழுதவில்லை, அப்படியிருக்க முதலிலேயே இசிஎம் மீது கை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சில நூறு ரூபாய்க்கு வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் தெருவில் வயரிங் செய்பவரிடம் இரவல் கேளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை நிற்கும். அப்புறம் ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 13-க்குக் கீழே போய், ஆக்சிலேட்டரை மிதித்தாலும் ஏறவில்லை என்றால் சார்ஜ் வருவதில்தான் கோளாறு: பெல்ட் தளர்ந்திருக்கலாம் (ஈரத்தில் கீச்சென்று கத்துகிறதா என்று காது கொடுங்கள்), அந்த பெல்ட்டால் சுற்றி மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கலாம். டைனமோ வேலை பார்க்கும் கடையில் பிரஷும் ரெகுலேட்டரும் மட்டும் மாற்றித் தருவார்கள், புது ஆல்டர்னேட்டர் வாங்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

பேட்டரியில் வோல்டேஜ் நன்றாக இருந்தும் விளக்குகள் எரிந்தால் அடுத்த சந்தேகம் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் தடித்த ஒயர் போல்ட் போட்டு முடியும் இடத்தைப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, எல்லா லைட்டும் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அதேபோல் பாடியிலும் வைத்துப் பாருங்கள். காட்டினால் எஞ்சினை நிறுத்தி, மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, அந்த போல்ட்டை எடுத்து, இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இது வருஷா வருஷம் பார்க்க வேண்டிய வேலை.

நம் ஊரில் இன்னொரு ஆள் உண்டு, எலி. அறுவடை முடிந்து வயல் காலியானதும் வரப்பிலிருந்து வீட்டுப் பக்கம் வந்துவிடும், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வண்டி நின்றால் கேட்கவே வேண்டாம். ஒரு தை மாதம் என் வண்டியில் ஏர்பேக் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. பேட்டரியைத் தூக்கிப் பார்த்தேன், அடித்தட்டில் ஒரு கைப்பிடி பதரும் கந்தல் துணியும் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. ஒயரை அது முழுசாகக் கடிக்கவில்லை, மேல்தோலை மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு உரித்திருந்தது, உள்ளே செம்பு பச்சை பூத்துப் போயிருந்தது. வெயிலில் தொடர்பு இருக்கும், ஈரத்தில் போய்விடும். இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறைப் பிடிப்பதுதான் கஷ்டம். ஸ்ப்ரே, நாப்தலின் உருண்டை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, கடைசியில் உதவியது மூங்கிலில் செய்யும் எலிப்பொறியான தஞ்சாவூர் கிட்டிதான், வயலுக்கு வைப்பவரே வந்து கொட்டகையிலும் இரண்டு வைத்துவிட்டுப் போனார். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏர்பேக் ஒயர்கள் பெரும்பாலும் மஞ்சள் உறையில் வரும், அவற்றில் மல்டிமீட்டர் வைத்துக் குடையாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று யாராவது வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பழைய அம்பாசிடர் காலத்துப் பழக்கம் அது. திடீரென்று எகிறும் வோல்டேஜில் ஆல்டர்னேட்டர் டயோடும் போகும், நல்ல இசிஎம்மும் நிஜமாகவே போய்விடும்.

இவ்வளவும் பார்த்துச் சரியாகவில்லை என்றால், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த பழுது எண்ணை (கோடு) படிக்கும் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். 'கோடு வந்திருக்கிறது' என்று வாயால் சொன்னால் போதாது, எண்ணை எழுதி வாங்குங்கள். பி0562 என்றால் வோல்டேஜ் குறைவு, இசிஎம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆன்லைனில் கிடைக்கும் மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்கள் பலவும் எஞ்சின் கோடு மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ், ஏர்பேக் படிக்கப் பெரிய கருவி வேண்டும். பழைய இரும்புக் கடை இசிஎம் வேண்டவே வேண்டாம், இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்பூட்டு) உள்ள வண்டியில் சாவியோடு பொருந்தாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எழுத்தில் எஸ்டிமேட், ஜிஎஸ்டி பில், கழற்றிய பழைய பெட்டி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மாற்றிய பிறகும் விளக்கு எரிந்தால் அந்தத் தாள்களோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு பழைய கார் பார்த்தேன். மீட்டர் போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, சுத்தமாக இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எஞ்சின், பேட்டரி, ஆயில், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் சில வினாடியில் தானாக அணையும், மற்றவை ஸ்டார்ட் ஆனதும் அணையும். ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த விளக்கு அப்போதும் எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், கறுப்பு டேப் ஒட்டியிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.