மாத்திரை இல்லாமல் ஏடிஹெச்டி பிள்ளையைச் சமாளிக்க முடியுமா?

ஏழு வயது மகனுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல் போவது, அடங்காத துறுதுறுப்பு என்று வரும் குறைபாடு) என்று சொல்லிவிட்டார்கள், மருந்தில்லாமல் வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, திண்டுக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். என் பையனுக்கு எட்டு வயதில் கண்டுபிடித்தார்கள், இப்போது பத்து. இந்த இரண்டு வருஷத்தில் எங்களுக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

பையனை உள்ளே கூப்பிட்டு ஏதோ தெரபி கொடுப்பார்கள், நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்துத்தான் சிகிச்சைக்குப் போனோம். நடந்தது தலைகீழ். அவன் வெளியே பாட்டியோடு உட்கார்ந்து சுவிட்ச் போர்டை நோண்டிக்கொண்டிருந்தான். பாடம் எனக்கும் என் மனைவிக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம், பத்து வாரம். பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி என்று பெயர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சையே இதுதான், மாத்திரை அதற்கப்புறம். 6 வயதுக்கு மேல் என்றால் மருந்து, பயிற்சி இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். உங்கள் பையனுக்கு ஏழு என்பதால் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அங்கே எனக்கு உறைத்தது ஒரு விஷயம். என்ன செய்யவேண்டும் என்பது இவனுக்கு நன்றாகவே தெரியும். செய்யவேண்டிய அந்த நிமிஷத்தில் அது கைக்கு வருவதில்லை. அதனால் ராத்திரி உட்கார வைத்து அரைமணி நேரம் புத்தி சொன்னால் தலையாட்டுவான், காலையில் பழைய கதைதான். உதவி அந்த இடத்தில், அந்த நேரத்தில் இருந்தாக வேண்டும்.

எங்கள் வீட்டுக் காலை நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "பல் தேய்ச்சு, குளிச்சு, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு சாப்பிட வா" என்று சமையலறையிலிருந்து ஒரு கத்தல். பத்து நிமிஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரு காலில் சாக்ஸ், கையில் பிரஷ், கண் சுவரில் ஊரும் எறும்பு மேல். இப்போது கத்துவதில்லை. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையைச் சொல்கிறோம். அது முடிந்ததும் அடுத்தது. பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கயிறு, அதில் நாலு துணி கிளிப். ஒவ்வொரு வேலையும் முடிந்தால் ஒரு கிளிப்பை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தள்ளுவான். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் "அடுத்து என்ன" என்பதை அவன் மூளையில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, கயிறு வைத்துக்கொள்ளும்.

பரிசு விஷயத்தில் நான் பெரிய தப்பு செய்தேன். முழுப்பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள் என்றேன். பத்து மாதம் தள்ளி வரும் சைக்கிள் இவனுக்கு இல்லாத சைக்கிள். இப்போது கிளிப் நாலும் தாண்டினால் பாட்டிலில் ஒரு புளியங்கொட்டை. சேர்ந்த கொட்டையைச் சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம்: ஐந்து கொட்டைக்கு என்னோடு கேரம் ஒரு ஆட்டம், பத்துக்குக் கடையில் லேமினேஷன் மெஷினை ஓட்டலாம். மூன்று வாரத்தில் சலித்துவிடும். பரிசை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஒருமுறை எனக்குக் கோபம் வந்து, பாட்டிலில் போட்ட கொட்டையைத் திரும்ப எடுத்தேன். பாட்டிலையே தூக்கி வீசினான். அதற்கப்புறம் எடுப்பதில்லை.

பள்ளியில் ஒரு டீச்சர் தினமும் டைரியில் புகார்தான் எழுதினார். அடுத்த வருஷம் வந்தவர் முதல் பெஞ்சில், ஜன்னலுக்குத் தள்ளி உட்கார வைத்தார். நோட்டு கொடுத்து வாங்கும் வேலையை இவனிடமே விட்டார், எழுந்து நடக்க ஒரு நியாயமான சாக்கு. ஒரு குட்டி நோட்டில் மூன்றே மூன்று விஷயம், தினமும் டிக். அந்த டிக்கும் வீட்டில் புளியங்கொட்டை ஆகும். பள்ளியில் பேசி ஒரே ஒரு விஷயம் வாங்க முடியும் என்றால் இந்த நோட்டை வாங்குங்கள். வீட்டுப்பாடம் பத்து நிமிஷம் டைமர் வைத்து, அயர்ன் டேபிளில் நின்றுகொண்டே எழுதுகிறான். உட்கார்ந்துதான் எழுதவேண்டும் என்று யார் சொன்னது?

காசைக் கரைத்தவை: ஞாபகசக்தி டானிக், மூளைப் பயிற்சி ஆப். அந்த ஆப்பில் லெவல் ஏறினான், வீட்டுப்பாடத்தில் ஒன்றும் மாறவில்லை. சர்க்கரையை நிறுத்தியும் பார்த்தோம். 1994-ல் ஒரு சோதனையில், சர்க்கரையே கொடுக்காத பிள்ளைகளின் அம்மாக்களிடம் "கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னபோது, அந்த அம்மாக்களுக்குத் தங்கள் பிள்ளை அதிகம் துள்ளுவதாகத் தெரிந்ததாம். பல்லுக்காகக் குறைத்தால் சரி.

ஆரம்பத்திலேயே காது, கண், ரத்தசோகை பார்த்துவிடுங்கள். ராத்திரி குறட்டை விடுகிறானா என்றும் கவனியுங்கள். அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீங்கித் தூக்கம் கெட்டாலும் பகலில் இதே மாதிரிதான் ஆடுவார்கள்.

என் அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "நீ மட்டும் என்ன, சின்ன வயசுல ஒரு இடத்துல உக்காந்திருக்கியா?" என்றார். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஏடிஹெச்டிக்குப் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை வருகிறது. எனக்கு இது கொஞ்சம் ஆறுதல், என் மனைவிக்கு நல்ல ஆயுதம்.

நாங்கள் இன்னும் மாத்திரை தொடங்கவில்லை. ஆறாம் வகுப்புப் பாடச்சுமையில் தடுமாறினால் தொடங்குவோம். அதற்காக மருந்து கொடுக்கும் பெற்றோரைக் குறை சொல்லாதீர்கள். நண்பரின் மகள் சத்தமே இல்லாமல் கனவு கண்டுகொண்டிருந்த ரகம், ஆறு வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. மருந்து ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பயிற்சியே அவளிடம் எடுபட்டது.

தனியாருக்குப் போக வசதியில்லை என்றால் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். டிஇஐசி என்றால் தெரியும். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும், 18 வயது வரை இலவசம். பள்ளி டைரியையும் பழைய நோட்டுகளையும் எடுத்துப் போங்கள். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு போட்டுவிடுங்கள். பையன் கையில் நோண்டுவதற்கு ஏதாவது கொடுத்துவையுங்கள், இல்லையென்றால் சுவிட்ச் போர்டுதான்.