தோட்ட ரயில் நடுவழியில் நிற்பதற்குத் தண்டவாள அழுக்குதான் காரணமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மாதிரி ரயில் ஓட்ட, இரு தண்டவாளங்களுக்கும் இடையே 45 மி.மீ. அகலமுள்ள பித்தளைப் பாதையாக, சுமார் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுற்றுப் பாதை போட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திருகு உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்திருக்கிறேன். ரயில் கோடிவளைவை எட்டியதும் எஞ்சினின் முகப்பு விளக்கு மினுக்கி மினுக்கி எரிகிறது. சில நேரம் வண்டி அங்கேயே நின்றுவிடுகிறது. வாரந்தோறும் உப்புத்தாளால் தேய்த்தும் பயனில்லை. பொருள் விற்பவர் முதலில் ஒரு துப்புரவுத் திரவம் கொடுத்தார். இப்போது பித்தளையே கெட்டுவிட்டது என்றும், நிக்கல் முலாம் பூசியதை வாங்கினால் பழையதைத் தாமே எடைக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். பேட்டரி எஞ்சினுக்கு மாறினால் துடைக்கவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்ய வேண்டும்? என் நண்பர் தம் நீராவி எஞ்சினை இதே பாதையில் ஓட்ட விரும்புகிறார்; அனுமதிக்கலாமா?

பதில்: முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். விற்பவருக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. அழுக்கு பாதை முழுவதும் படியும். மின்சாரம் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் படியும். அங்கெல்லாம் நன்றாக ஓடும் எஞ்சின், மின் இணைப்புக்கு மிகத் தொலைவான வளைவில் மட்டும் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறது என்றால், அந்த வளைவின் மேல் மரக்கிளை ஏதும் கவிந்திராத பட்சத்தில், நான் முதலில் சந்தேகப்படுவது தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் மூட்டுகளைத்தான்.

இதை உறுதிசெய்துகொள்ள ஒரு மல்டிமீட்டரும், வாகனத்தின் பிரேக் விளக்கில் பயன்படும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றும் போதும். எஞ்சினைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டு, கோடிவளைவில் இரு தண்டவாளங்களின் பக்கவாட்டிலும் நகத்தளவு இடத்தை மட்டும் பளிச்சென்று சுரண்டி, அங்கே பல்பின் கம்பிகளைக் கவ்வியால் இறுக்குங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் திருகை மெல்லத் திருப்பி, மின்சாரம் கொடுக்கும் இடத்தில் மீட்டர் 12 வோல்ட் காட்டும்படி நிறுத்துங்கள். பிறகு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, அது இணைக்கப்பட்டிருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள். அங்கே 11 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் மூட்டுகள் நலமாக இருக்கின்றன, அழுக்கைத் தேடலாம். ஏழு, எட்டு என்று இறங்கியிருந்தால், நீங்கள் எவ்வளவுதான் தேய்த்தாலும் வண்டி ஓடாது. பல்பு இல்லாமல் வெறும் மீட்டரை மட்டும் வைத்து அளந்து ஏமாறாதீர்கள். சுமை இல்லாதபோது, களிம்பேறி ஒரு மயிரிழையில் தொட்டுக்கொண்டிருக்கும் மூட்டுகூட முழு 12 வோல்ட்டையும் காட்டும்; எஞ்சின் மின்சாரத்தை இழுக்கத் தொடங்கியதும்தான் அதன் உண்மை நிலை தெரியும்.

எந்த மூட்டு பழுது என்பதையும் இதே முறையில் கண்டுபிடித்துவிடலாம். பல்பு எரியும்போதே, ஒரே தண்டவாளத்தில் மூட்டுக்கு இப்பக்கம் மீட்டரின் ஒரு முனையையும் அப்பக்கம் ஒரு முனையையும் வையுங்கள். நல்ல மூட்டில் மீட்டர் ஏறக்குறைய சுழியத்திலேயே நிற்கும். அரை வோல்ட் காட்டினால் அது மாற்ற வேண்டிய மூட்டு. புதிதாகத் தொடங்குவோருக்காக விற்கும் தொடக்கநிலைப் பெட்டிகளில் வரும் நேர்த்துண்டுகள் பொதுவாக 30 செ.மீ. நீளம் கொண்டவை. உங்கள் பாதை முழுவதும் அத்தகைய துண்டுகளால் ஆனது என்றால், இரு தண்டவாளங்களிலும் சேர்த்து 260-க்கும் மேற்பட்ட மூட்டுகள் இருக்கும். அவை அத்தனையும் வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றன. 10 மீட்டர் பித்தளை, வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் ஏறும்போது ஐந்து, ஆறு மில்லிமீட்டர் வரை நீள்கிறது. இரவில் மீண்டும் சுருங்குகிறது. இப்படி நாள்தோறும் உரசி உரசி இணைப்புத் தகட்டின் பிடி தளர்ந்து, இடைவெளியில் ஈரமும் மண்ணும் புகுந்து, உள்ளே களிம்பு ஏறுகிறது. அது தண்டவாளத்தின் மேற்பரப்பில் தெரிவதில்லை. ஆகவே யாரும் அதைப் பார்ப்பதில்லை.

பழுதான மூட்டைக் கழற்றி, தண்டவாள முனைகளையும் தகட்டின் உட்புறத்தையும் சுத்தம்செய்து, கிராஃபைட் கலந்த மின்கடத்தும் பசையைச் சிறிதளவு தடவி, திருகு வைத்து இறுக்கும் இணைப்புக் கவ்வியைப் போடுங்கள். எல்லா மூட்டுகளையும் இப்படி இறுக்கிவிடக் கூடாது. சில மீட்டருக்கு ஒன்றை விரிந்து சுருங்க இடம்விட்டுத் தளர்வாக வைத்து, அதன் இரு பக்கத்தையும் சற்றே தொய்வான செப்புக் கம்பியால் இணைக்க வேண்டும். அத்துடன், கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து 2.5 சதுர மி.மீ. கம்பிகள் இரண்டை, தண்டவாளத்துக்கு ஒன்றாகப் பாதையோரமாக ஓட்டி, ஐந்தாறு மீட்டருக்கு ஓரிடத்தில் அதனதன் தண்டவாளத்துடன் இணைத்துவிட்டால், மின்சாரம் நூற்றுக்கணக்கான மூட்டுகளை நம்பி நடக்க வேண்டிய நிலையே இராது. 1968-இல் எல்ஜிபி என்ற ஜெர்மானியத் தோட்ட ரயில் வரிசை அறிமுகமானதிலிருந்து பித்தளைத் தண்டவாளத்தில் தோட்ட ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை காலம் கழிந்தும், தொடக்கநிலைப் பெட்டிக்குள் வரும் கையேடுகள் பலவற்றில் ‘பாதையைச் சுத்தமாக வைத்திருக்கவும்’ என்ற ஒற்றை வரிக்கு மேல் எதுவும் இருப்பதில்லை. மூட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஒரே இடத்தில் இரண்டு மெல்லிய கம்பிகளைக் கொடுத்து, பாதையை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம் என்று படம் மட்டும் போட்டிருப்பார்கள். அதே 45 மி.மீ. பாதைக்கு உண்மை ரயிலை 1:20.3 முதல் 1:32 வரை ஆளுக்கொரு விகிதத்தில் சுருக்கி வண்டி செய்பவர்கள், தண்டவாள உயரத்திலும் இணைப்புத் தகட்டிலும்கூட ஒத்துப்போக மாட்டேன் என்கிறார்கள். விளைவாக, வாங்குபவர் பழுதின் காரணம் தெரியாமல் விற்பவரிடம் போய் நிற்கிறார். அங்கேதான் அடுத்த தொல்லை தொடங்குகிறது.

திரவ விற்பனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புட்டியின் மேல் பெயர் எதுவாக இருந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிராத இத்தகைய திரவங்களில் நான் முகர்ந்தும் தொட்டும் பார்த்தவை பெரும்பாலும் மெல்லிய கனிம எண்ணெய்கள்தான். அதைத் தடவிய அன்றைக்கு வண்டி மிக அழகாக ஓடும், ஏனென்றால் எண்ணெய்ப் படலம் அழுக்கை இளக்கி ஒதுக்குகிறது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே எழும் நுண்ணிய தீப்பொறிகளும் குறைகின்றன. ஆனால் திறந்தவெளியில் அந்தப் படலம் தூசியையும் மகரந்தத்தையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சில வாரங்களில் பாதை முன்பைவிட மோசமாகும். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். அப்போது விற்பவர் ‘போதிய அளவு ஊற்றவில்லை’ என்று சொல்லி இரண்டாவது புட்டியை நீட்டுவார். இரண்டாவதும் பலிக்காதபோது, உங்களுக்குச் சொன்னதுபோலவே, பித்தளை கெட்டுவிட்டது என்ற தீர்ப்பு வரும்.

பித்தளை இரண்டு ஆண்டுகளில் கெடுவதில்லை. பக்கங்களில் படரும் பழுப்பு நிறம் அதற்கு ஒரு காப்பு. அதைத் தொடவே வேண்டாம். கெட்டுப்போனதாகச் சொல்லி எடைக்கு வாங்கப்படும் தண்டவாளம் மெருகேற்றப்பட்டு, இணைப்புத் தகடு மாற்றப்பட்டு, வேறொருவருக்கு ஏறக்குறைய புதிய விலையில் போய்ச் சேருவதை நான் பார்த்திருக்கிறேன். உலோக விலைக்கும் தண்டவாள விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இடைத்தரகரின் பைக்குப் போகிறது. அவர் போடச் சொல்லும் முலாம் பூசிய தண்டவாளம் நல்ல பொருள்தான்; ஆனால் அதையும் அதே தளர்ந்த மூட்டு முறையில் இணைத்தால் அதே வளைவில் அதே எஞ்சின் நிற்கும். மேலும், முலாம் பூசியதைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் முலாம் போய்விடும் என்பதை அவர் உங்களுக்குச் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள். யார் எந்தத் தண்டவாளத்தைக் கொடுத்தாலும் முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. நிக்கல் முலாம் இருந்தால் இலேசாக இழுக்கலாம்; வலுவாக ஒட்டினால் அது முலாம் பூசிய மலிவான இரும்பாக இருக்கும், தோட்டத்துக்கு ஆகாது.

இனி, உண்மையான அழுக்கு. இலைச் சாறு, மரப்பிசின், நத்தை ஊர்ந்த பசை, பறவை எச்சம் ஆகியவை வெளியிலிருந்து வருபவை. எஞ்சினின் பல்சக்கரப் பெட்டியில் அளவுக்கு மீறி ஊற்றிய எண்ணெய், புகை வரவழைக்கும் திரவத்தின் துளிகள், பிளாஸ்டிக் சக்கரத் துகள் ஆகியவை வண்டியிலிருந்தே வருபவை. இவற்றோடு பொறிகள் சேர்ந்து கருகி, ஒரு கறுப்புப் படலமாக ஓடுபரப்பில் ஒட்டிக்கொள்கிறது. பசையும் பிசினும் இருக்கும்போது நேரடியாகத் தேய்த்தால் அவை பாதை நெடுக இழுபட்டுப் பரவும் என்பதால், முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு ஓரிரு துளி கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலரவிட வேண்டும். அதன்பின், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப்பட்டையை ஒரு தட்டையான கட்டையில் ஒட்டி, கட்டையை நீண்ட கழியில் பொருத்தி, தண்டவாளத்தின் நீளவாக்கிலேயே, இலேசான அழுத்தத்தில் இரண்டு முறை ஓட்டினால் போதும். மேற்பரப்பையும், சக்கரத்தின் விளிம்பு உரசும் உட்புற மேல்விளிம்பையும் மட்டும் கவனியுங்கள். கடைசியாக உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்புக் கோடு விழாவிட்டால் வேலை முடிந்தது, தண்டவாளம் பளபளக்க வேண்டிய தேவையில்லை. 40 மீட்டருக்கு இது குனிந்து செய்யும் வேலையே அல்ல. கணக்கு வைத்து வாரந்தோறும் செய்வதும் வேண்டாம். ஓட்டப் போகும் நாளில், மழைக்குப் பின், இலை உதிரும் காலத்தில் செய்தால் போதும்.

உப்புத்தாள் ஏன் கூடாது என்றால், அதன் மணல் தண்டவாளத்தில் நுண்ணிய பள்ளங்களைக் கீறிவிடுகிறது. அடுத்த முறை அழுக்கு அந்தப் பள்ளங்களுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் ஏற்கெனவே கீறியதை, மிக நுண்ணிய தாளால் நீளவாக்கில் ஒருமுறை மட்டும் வழவழப்பாக்கிவிட்டு, பிறகு நாருக்கு மாறுங்கள். இரும்பு நார் அதைவிடக் கேடானது: உதிரும் இழைகளை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்; எஞ்சின் எரிந்தாலும் எரியும். பெட்ரோலும் தின்னரும் தீப்பொறி எழும் இடத்தில் ஒருபோதும் வேண்டாம்.

தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சக்கரங்களை விட்டுவிட்டால், முதல் இரண்டு சுற்றிலேயே அழுக்கு திரும்பிவிடும். எஞ்சினைத் துணி விரித்த மேசையில் மல்லாத்தி, இரு கம்பிகளால் சக்கரங்களுக்கு மின்சாரம் கொடுத்து மெதுவாகச் சுழலவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணிநுனியை ஓடுபரப்பில் பிடியுங்கள். ரப்பர் வளையம் உள்ள சக்கரத்தில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றச் சக்கரங்களில் வளையமாகப் படிந்த கறுப்பு அழுக்கு உரிந்து உலோகம் தெரியும். பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரங்களாக மாற்றுவது, எந்தத் திரவத்தையும்விடப் பயனுள்ள செலவு.

பேட்டரி எஞ்சின் பற்றிச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. மின்சாரம் வண்டியிலேயே இருந்து, கட்டுப்பாடு ரேடியோ அலையில் வந்தால், தண்டவாளம் மின்சாரம் கடத்த வேண்டியதில்லை. களிம்பும் கறுப்பும் இருந்தாலும் வண்டி ஓடும். ஆனால் ‘துடைக்கவே வேண்டாம்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கல்லும் குச்சியும் இருந்தால் பேட்டரி வண்டியும் தடம்புரளும். நத்தைப் பசையிலும் இலைச் சாற்றிலும் அதுவும் வழுக்கும். பெட்டிகளின் உள்விளக்குகள் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பவையானால் அவை அணைந்தே இருக்கும்; அவற்றுக்கும் தனி பேட்டரி வேண்டும். உங்களிடம் இப்போது உள்ள எஞ்சினையே மாற்றி அமைக்கிறீர்கள் என்றால், சக்கரங்களிலிருந்து மோட்டாருக்குப் போகும் பழைய கம்பிகளைத் துண்டித்தே ஆக வேண்டும். அவற்றை அப்படியே விட்டு, யாரோ ஒருவர் பாதையில் மின்சாரத்தைப் போட்டுவிட்டால், இரண்டு மின்மூலங்களும் ஒன்றோடொன்று மோதி, கட்டுப்பாட்டு அட்டை எரியலாம். லித்தியம் பேட்டரி அளவுக்கு மேல் ஏறித் தீப்பிடிக்கவும் கூடும். மாற்றிக் கொடுப்பவரிடம் இந்தக் கம்பிகளைத் துண்டித்தாயிற்றா என்று கேட்டு, மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பேட்டரிக்கு இடம் இல்லாத சிறிய எஞ்சினுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெட்டி இழுபட வேண்டியிருக்கும். ஒரே ஒரு எஞ்சின் வைத்திருப்பவருக்கு மாறுவது எளிது. நான்கைந்து வைத்திருப்பவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செலவழிக்க வேண்டும். அந்தச் செலவில் மேலே சொன்ன கவ்விகளையும் கம்பியையும் போட்டுப் பாதையையே சீராக்கிவிடலாம். பாதை முழுவதும் மரநிழலில் இருந்து, நாள்தோறும் பிசின் சொட்டுகிறது என்றால் மட்டும் நான் பேட்டரியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

நண்பரின் நீராவி எஞ்சினை அனுமதிக்கலாம். முதலில் அதன் இடப்பக்கச் சக்கரத்திலும் வலப்பக்கச் சக்கரத்திலும் மல்டிமீட்டரை வைத்து, இரண்டுக்கும் இடையே மின்தொடர்பு இல்லை என்று பாருங்கள். தொடர்பு இருந்தால் அது பாதையில் ஏறியதும் ஷார்ட் சர்க்யூட் ஆகும் என்பதால், கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பையே கழற்றிவிட வேண்டும். நீராவியோடு வெளியேறும் சிலிண்டர் எண்ணெய் தண்டவாளம் நெடுகத் தெறிக்கும். ஆகவே அன்றைக்கு மின்சார வண்டிகளை முதலில் ஓட்டி எடுத்துவைத்துவிட்டு, நீராவி எஞ்சினைக் கடைசியில் ஓட்டச் சொல்லுங்கள். மறுநாள் சோப்புத் தண்ணீர்த் துணியால் பாதையை ஒரு சுற்று துடைத்த பிறகே உங்கள் எஞ்சினை ஏற்றுங்கள்.