தூரத்து வீட்டில் தங்கினால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

கேள்வி: கணவர், பத்து வயது மகள், முழங்கால் வலி உள்ள மாமியார், நான் என நால்வரும் ஒரு பெரிய நகரத்துக்குச் சுற்றுலா போகிறோம். ஏழு இரவுகள் தங்க வேண்டும். நகர மையத்தில் ஓட்டலில் இரண்டு அறைகள் எடுப்பதைவிட, ஊருக்கு வெளியே குடியிருப்புப் பகுதியில் முழு வீடு ஒன்று 40 சதவீதம் குறைவான வாடகைக்குக் கிடைக்கிறது. அதையே பதிவு செய்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எப்படி முடிவெடுப்பது?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் குடியிருப்புப் பகுதியில் தங்குவது என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டாம். நால்வர், ஏழு இரவு, ஒரு குழந்தை, ஒரு மூத்தவர் என்றால் சமையலறையும் துணி துவைக்கும் வசதியும் உள்ள வீடுதான் சௌகரியம். எந்தப் பகுதியில் எடுப்பது என்பதில்தான் பணம் நிற்பதும் கரைவதும் இருக்கிறது.

ஒரு தாளை எடுத்து என்னோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். ஓட்டலின் ஓர் இரவு வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாடகை 60. ஏழு இரவுக்கு 280 மிச்சம். உங்கள் கணவர் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இனி கழிக்க வேண்டியவை. சுத்தம் செய்யும் கட்டணமும் முன்பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணமும் சேர்ந்து 50 என்றால், மீதி 230. நால்வரும் தினமும் மையத்துக்குப் போய்வர ஒரு வாரத்தில் 56 டிக்கெட்டுகள். ஒன்றுக்கு 1 வீதம் 56 போனால் 174. குழந்தை தூங்கிவிட்ட மூன்று இரவுகளில் டாக்சி பிடிக்கிறீர்கள், தடவைக்கு 15, மீதி 129. விமான நிலையத்துக்குப் போகவர ஆகும் கூடுதல் செலவு 20, மீதி 109. காலை உணவை வீட்டிலேயே சமைப்பதால் 40 மிச்சம் என்று சேர்த்துக்கொண்டால் 149. ஆக, 280 என்று தெரிந்தது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மையத்துக்குப் போக ஒரு வழிக்கு 50 நிமிடம் ஆனால் வாரத்துக்கு 700 நிமிடம். பதினோரு மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே கழிகிறது.

இப்போது நடுவில் ஒரு பகுதியைப் பாருங்கள். மையத்திலிருந்து ரயிலில் 20 நிமிடம், நிலையம் நடக்கும் தூரத்தில், வாடகை 70. மிச்சம் 210. கட்டணங்கள் 50, டிக்கெட்டுகள் 56 கழித்தால் 104. இரவிலும் ரயில் இருப்பதால் டாக்சி வேண்டாம். விமான நிலையத்துக்கும் கூடுதல் செலவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். சமையல் மிச்சம் 40 சேர்த்தால் 144. தூரத்து வீட்டைவிட 5 மட்டுமே குறைவு. ஆனால் ஏழு மணி நேரம் உங்கள் கையில் திரும்பக் கிடைக்கிறது. இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. உங்கள் நகரத்தின் உண்மையான கட்டணங்களைப் போட்டு மறுபடி பாருங்கள். நான் இப்படிக் கணக்குப் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலும் நடுப்பகுதிதான் வென்றிருக்கிறது.

பயணக் கட்டண முறையை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். லண்டன் சுரங்க ரயிலில் மண்டலங்களைக் கடக்கக் கடக்கக் கட்டணம் ஏறும். நியூயார்க் சுரங்க ரயிலில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். முதல் வகை நகரத்தில் ஒரு மண்டலம் தள்ளி வீடு எடுப்பதற்கே தினமும் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் கட்டணம் எத்தனை இரவு தங்கினாலும் ஒரே தொகைதான். ஏழு இரவில் அது இரவுக்குச் சிறு தொகையாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டே இரவு என்றால் ஓர் இரவின் பங்கு மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். அப்போது நானே ஓட்டலைத்தான் சொல்லியிருப்பேன்.

சட்டம் இடம் கொடுக்கிறதா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் பதிவு செய்திருக்க வேண்டும், தானும் அங்கே தங்கியிருக்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. உங்களைப் போன்ற நால்வர் குடும்பத்துக்கு முழு வீடு கிடைப்பது அங்கே அரிது. சிங்கப்பூரில் தனியார் வீடுகளையே குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விட முடியும். பார்சலோனா 2028 நவம்பருக்குள் சுற்றுலா வீடுகளுக்கான உரிமங்களை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்திருக்கிறது. உரிமம் இல்லாத வீட்டின் பதிவு கடைசி நேரத்தில் ரத்தானால், கட்டிய பணம் திரும்பி வந்தாலும் அன்றைய விலையில் வேறு இடம் தேட வேண்டியிருக்கும். பதிவு எண் கேளுங்கள். தர மறுத்தால் அந்த வீடு வேண்டாம். "தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக்கு அனுப்புங்கள், விலை குறைக்கிறேன்" என்று யார் சொன்னாலும் உடனே விலகிவிடுங்கள். அப்படிப் போன பணத்தை மீட்பது மிகக் கடினம்.

வரைபடச் செயலியில் அந்தப் பகுதியிலிருந்து நீங்கள் அதிகம் போகப்போகும் இடத்துக்கு வழி கேளுங்கள். நேரத்தை இரண்டு விதமாக மாற்றுங்கள்: திங்கள் காலை எட்டரை மணி, ஞாயிறு இரவு பத்தரை மணி. இரண்டாவது தேடலில் 25 நிமிடப் பயணம் 70 நிமிடமாக நீண்டால், அந்தப் பகுதியின் உண்மையான தூரம் அதுதான். பல ஆண்டுகளுக்கு முன் என் தந்தையோடு ஒரு நகரத்தில் கடைசி ரயிலைத் தவறவிட்டு, அன்று டாக்சிக்குக் கொடுத்தது ஒரு நாள் வாடகையைவிட அதிகம். பணத்தைவிட, பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அவருடைய களைத்த முகம்தான் இன்னும் நினைவில் இருக்கிறது.

பிறகு அதே செயலியில் தெருவைப் படமாகக் காட்டும் தெருக்காட்சியில் நிலையத்திலிருந்து வீட்டுப்பக்கம் மெல்ல "நடந்து" பாருங்கள். நடைபாதை இருக்கிறதா, மேடா, தெருவிளக்கு உண்டா, மருந்துக்கடையும் மளிகைக்கடையும் கண்ணில் படுகின்றனவா? பல தளங்கள் பதிவு செய்யும்வரை சரியான முகவரியைக் காட்டாமல் ஒரு வட்டத்தை மட்டும் காட்டும். அதனால் வீட்டுக்காரரிடமே கேளுங்கள்: நிலையத்துக்கு நடக்க எத்தனை நிமிடம், எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, தெருவாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. உங்கள் மாமியாருக்கு அதுதான் முதல் கேள்வி. பதில்களைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொன்னதற்கு மாறாக வீடு இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க அதுவே ஆதாரம்.

இன்று இரவே கணவரோடு உட்கார்ந்து, மையத்து ஓட்டல், தூரத்து வீடு, நடுப்பகுதி வீடு என மூன்றுக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். நடுப்பகுதி வீடு தேறினால், வாடகை சற்றுக் கூடினாலும் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். மூத்தவரோடு போகும் பயணத்தில் திட்டம் மாற வாய்ப்பு அதிகம். ரத்து செய்யக் கடைசி நாள் எது என்பதை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.